ஆலைக்குள் இருப்பவர் அழலாமா?

கேள்வி: "என் கணவர் மாரடைப்பில் இறந்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் ஜெபக்கூட்டத்தில் என்னையும் மீறி அழுதுவிட்டேன். சபை மூப்பர் ஒருவர், ‘தேவன் உங்களைத் திராட்ச ஆலையில் போட்டிருக்கிறார். நசுங்கினால்தான் ரசம் வரும். அழாமல் ஸ்தோத்திரம் பண்ணுங்கள்’ என்றார். வேதத்தில் ஆலை என்பதற்கு இதுதான் பொருளா? நான் அழுதது அவிசுவாசமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அழுதது அவிசுவாசம் இல்லை. ஏன் என்பதை வேதத்திலிருந்தே, அதுவும் ஆலையைப் பற்றிய வசனங்களிலிருந்தே காட்டுகிறேன்.

முதல் கேள்விக்குத்தான் நீண்ட பதில் தேவை. அந்த மூப்பர் சொன்ன உவமை அவர் இட்டுக்கட்டியது அல்ல. 1600 ஆண்டுகளுக்கு மேலாகத் திருச்சபையில் வழங்கிவருகிற உவமை அது, ஆழமானதும்கூட. ஆனால் உங்களிடம் அதில் பாதிதான் சொல்லப்பட்டிருக்கிறது. விடுபட்டுப்போன பாதிதான் உங்களுக்கு வேண்டியது. என் தம்பி சாலை விபத்தில் இறந்த அன்று எங்கள் வீட்டு வாசலிலும் இதே வாக்கியத்தை ஒருவர் சொன்னார். அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகுதான் இந்த வார்த்தையை வேதத்தில் ஒவ்வோர் இடமாகத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஆலை என்றால் என்னவென்று முதலில் கண்ணால் பார்த்துக்கொள்வோம். இன்று நமக்கு ஆலை என்றால் பஞ்சாலை, சர்க்கரை ஆலை. பழைய தமிழில் அது கரும்பு பிழியும் பொறி. திராட்சரசம் பிழிகிற வழக்கம் இல்லாத நாட்டில் வேதத்தை மொழிபெயர்த்தவர்கள், கைக்குக் கிடைத்த நெருங்கிய சொல்லை எடுத்துக்கொண்டார்கள். கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் ‘பிழிவுக்குழி’ என்று இருக்கிறது. உருவத்துக்கு அதுதான் பொருந்தும். ஏனென்றால் பழைய இஸ்ரவேலில் அது வெறும் பாறை. மலைச்சரிவில், தோட்டத்துக்குப் பக்கத்திலேயே, சுண்ணாம்புப் பாறையில் ஆழமில்லாத ஒரு தளம் வெட்டியிருப்பார்கள். பறித்த பழத்தை அதில் கொட்டி வெறுங்காலால் மிதிப்பார்கள். சாறு ஒரு சிறு வாய்க்கால் வழியாகக் கீழே வெட்டியிருக்கும் ஆழமான தொட்டியில் போய் விழும். மிதிக்கும் இடத்துக்கு எபிரேயத்தில் ‘கத்’ என்று பேர், கீழ்த்தொட்டிக்கு ‘யெகெவ்’. இரண்டையும் சேர்த்து ஏதாவது ஒரு பேரால் சொல்வதும் உண்டு. யூதேயா மலைகளில் இன்றைக்கும் இப்படிப்பட்ட குழிகள் எத்தனையோ கிடக்கின்றன. பிற்காலத்தில் பெரிய அளவிலும் கட்டினார்கள். இஸ்ரேலின் யாவ்னே நகரில் சுமார் 1500 ஆண்டுகள் பழமையான ஒரு தொழிற்கூடத்தை அகழ்ந்தெடுத்ததாக 2021இல் அறிவித்தார்கள். ஐந்து ஆலைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 225 சதுர மீட்டர், ஆண்டுக்கு 20 லட்சம் லிட்டர் வரை ரசம் எடுத்திருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு.

ஏன் காலால் மிதித்தார்கள்? கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சை ஒன்றை இரு விரலுக்கு நடுவில் வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். தோல் வெடித்து, சதை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அதற்குள் இருக்கும் கொட்டையைக் கடித்தால் நாக்கு கசந்து துவர்த்துப்போகும். கல்லைப் போட்டு நசுக்கினால் கொட்டையும் உடைந்து அந்தக் கசப்பு ரசத்தில் இறங்கிவிடும். மனிதனின் வெறுங்கால் பழத்தை உடைக்கும், கொட்டையை உடைக்காது. மிதித்து முடிந்த சக்கையைத்தான் பிறகு மரத்தூலத்தின் கீழ் வைத்துப் பாரம் ஏற்றிப் பிழிவார்கள். எதை எவ்வளவு அழுத்தலாம் என்ற அளவு அந்தத் தொழிலிலேயே இருக்கிறது. ஏசாயா 28ஆம் அதிகாரம் இதையே வேறொரு வேலையை வைத்துச் சொல்கிறது. சீரகத்தின்மேல் வண்டி உருளையை ஏற்றுகிறதில்லை, அதைச் சிறு கோலால் அடிப்பார்கள். அப்பத்துக்கான தானியத்தைக்கூட ஓயாமல் போரடித்துக்கொண்டே இருக்கிறதில்லை. அந்த விவசாயிக்கு இந்த அறிவைக் கொடுத்தவர் தேவன் என்கிறார் ஏசாயா. ‘நசுங்கினால்தான்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும்போது இந்த அளவு முதலில் காணாமல் போகிறது.

இன்னொன்று. ஆலை என்றதும் அந்த ஜனங்கள் காதில் முதலில் விழுந்தது பாட்டு. திராட்சை மிதிக்கும் காலம் கொண்டாட்டக் காலம். ஆலையின் பலனைச் சேர்த்த பிறகுதான் ஏழு நாள் கூடாரப்பண்டிகை, உபாகமம் 16:13. மிதிக்கிறவர்கள் தாளத்துக்கு ஏற்பக் கூவுவார்கள். அந்த ஆர்ப்பரிப்பு அடங்கிப்போவதையே மோவாபின் அழிவுக்கு அடையாளமாக ஏசாயா 16:10 சொல்கிறது.

அந்தச் சந்தோஷமான இடத்தைத்தான் தீர்க்கதரிசிகள் தலைகீழாகத் திருப்பினார்கள். "நான் ஒருவனாய் ஆலையை மிதித்தேன், ஜனங்களில் ஒருவனும் என்னோடிருந்ததில்லை" என்று ஏசாயா 63:3இல் ஒருவர் சொல்கிறார். அவர் உடுப்பில் தெறித்திருப்பது திராட்சைச் சாறு அல்ல, சத்துருக்களின் இரத்தம். யோவேல் 3:13இல் ஆலை நிரம்பித் தொட்டிகள் வழிகின்றன. அங்கே நிரம்பியது ஜாதிகளின் பாதகம். வெளிப்படுத்தின விசேஷத்தில் 14ஆம் அதிகாரத்திலும் 19ஆம் அதிகாரத்திலும் வருவது தேவனுடைய கோபத்தின் ஆலை.

இதை நேராகவே சொல்ல வேண்டும். "விசுவாசி வளரும்படி தேவன் அவனை ஆலையில் போட்டு மிதிக்கிறார்" என்று சொல்லும் வசனம் வேதத்தில் ஒன்றுகூட இல்லை. அடையாளமாக வருகிற இடங்களில் ஆலை பெரும்பாலும் நியாயத்தீர்ப்பு.

தேவன் தம் சொந்த ஜனத்தை ஆலையில் மிதித்ததாக ஒரே ஓர் இடத்தில் வருகிறது. புலம்பல் 1:15. எருசலேம் இடிந்து கிடக்கிறது. திராட்சப்பழத்தை ஆலையில் மிதிக்கிறதுபோல ஆண்டவர் யூதா குமாரத்தியை மிதித்தார் என்கிறது வசனம். அந்த மூப்பர் சொன்னதற்கு வேதத்தில் மிக அருகில் வரும் இடம் இதுதான். அடுத்த வசனத்தைப் படியுங்கள்: "இவைகளினிமித்தம் நான் அழுகிறேன், என் கண், என் கண்ணே, நீராய்ச் சொரிகிறது." மிதிபட்டவள் உடனே அழுகிறாள். யாரும் அவள் வாயை மூடவில்லை. அவள் அழுகையை அப்படியே வேதமாக எழுதி, வாசிக்கும்படி நம் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

அப்படியானால் ஆலை என்பது வளர்ச்சியின் அடையாளமாக எப்படி மாறியது? ஒரே காரணம் கிறிஸ்து. ஆலையை மிதிக்கிறவரே ஆலைக்குள் மிதிபடுகிறவராக ஆனார் என்று ஆதித் திருச்சபை படித்தது. வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் நகரப் பேராயராக இருந்த சிப்ரியான், திருவிருந்தைப் பற்றி எழுதிய ஒரு கடிதத்தில் இதைச் சொல்கிறார்: திராட்சைக்குலை முதலில் மிதித்துப் பிழியப்படாமல் நாம் ரசம் குடிக்க முடியாது, அதுபோல, கிறிஸ்து முதலில் மிதிக்கப்பட்டுப் பிழியப்படாமல் அவருடைய இரத்தத்தை நாம் பானம்பண்ணியிருக்க முடியாது. இதை எழுதிய சிப்ரியான் 258 செப்டம்பர் 14 அன்று விசுவாசத்துக்காகத் தலை வெட்டுண்டு இறந்தார்.

வெளிப்படுத்தலில் அந்த ஆலை நகரத்திற்குப் புறம்பே மிதிக்கப்பட்டது என்று ஒரு வார்த்தை வருகிறது. வாசிக்கிற யாருக்கும் எபிரெயர் 13:12 நினைவுக்கு வரும்: இயேசு நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டார். அதற்கு முந்தின இரவு அவர் போன தோட்டத்தின் பெயரைப் பாருங்கள். கெத்செமனே. முன்பாதி அதே ‘கத்’. முழுப்பெயருக்கும் பொருள் எண்ணெய் பிழியும் இடம். ஒலிவமலை அடிவாரத்தில் ஒலிவக்காயைச் செக்கிலிட்ட இடத்தில், அவருடைய வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய்த் தரையில் விழுந்ததாக லூக்கா எழுதுகிறார். அங்கே அவர் ஸ்தோத்திரம் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. ‘இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும்’ என்று கேட்டார். பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் விண்ணப்பம்பண்ணினார் என்கிறது எபிரெயர் 5:7.

ஐரோப்பிய ஆலயங்களில் இதை ஓவியமாகவே தீட்டிவைத்தார்கள். 12ஆம் நூற்றாண்டுப் படங்களில் கிறிஸ்து ஆலைக்குள் நிமிர்ந்து நின்று மிதிக்கிறார், வெற்றி வீரனைப் போல. நூற்றாண்டுகள் போகப்போக அவர் முதுகு வளைகிறது. 1510ஐ ஒட்டி ஜெர்மனியின் அன்ஸ்பாக் நகரப் புனித கும்பெர்ட்டுஸ் ஆலயத்துக்காகத் தீட்டிய ஓவியத்தில் அவர் பிழியும் மரத்தின் கீழ் குனிந்து நிற்கிறார். மேலே அழுத்தும் மரமே சிலுவை. இந்த வகைப் படங்கள் சிலவற்றில் பிதாவே அந்த மரத்தை இறக்கும் திருகாணியைச் சுழற்றுகிறார். எனக்கு அந்தப் படங்களைப் பார்க்கச் சங்கடமாகவே இருக்கும். மகனைப் பிழியும் தகப்பன் என்று அதை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் சுவிசேஷம் கோணிப்போகும். ஆனால் அதை வரைந்தவர்கள் ஒன்றை மறக்கவில்லை: ஆலைக்குள் நிற்பவர் யார் என்பதை. நமக்குச் சொல்லப்படும் பிரசங்கங்களில் பலமுறை அந்த இடத்தில் கிறிஸ்து இல்லை. நாம் மட்டும் தனியாக நிற்கிறோம்.

இனி அகஸ்டீன். உங்கள் மூப்பர் சொன்ன உவமையை இப்படி வளர்த்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் அவர்தான். இன்றைய அல்ஜீரியாவில் இருக்கும் ஹிப்போ நகரின் பேராயர். ஒலிவமும் திராட்சையும் விளைந்த நாட்டுக்காரர். 8, 81, 84ஆம் சங்கீதங்களின் தலைப்பில் ‘கித்தீத்’ என்ற சொல் இருக்கிறது. நம் வேதாகமம் அதை ஒரு வாத்தியமாக எடுத்துக்கொண்டது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்போ ‘ஆலைகளுக்காக’ என்று பெயர்த்தது. அகஸ்டீன் கையில் இருந்த லத்தீன் வேதத்திலும் அப்படியே. அவர் அதை வைத்துக்கொண்டு சொன்னார்: ஆலைகள் என்பவை சபைகள், கிளையில் தொங்கும்வரை பழம் காற்றில் சுதந்திரமாக ஆடிக்கொண்டிருக்கும், தேவனைச் சேவிக்க வருகிறவன் ஆலைக்கு வந்திருப்பதாக அறிந்துகொள்ளட்டும், அழிந்துபோக அல்ல, தேவனுடைய பண்டகசாலைக்குள் வடிந்து சேருவதற்காக. நீங்கள் கேட்ட பிரசங்கத்தின் வேர் இதுதான். இதே 84ஆம் சங்கீதத்துக்குள்ளேயேதான் ‘அழுகையின் பள்ளத்தாக்கை உருவ நடந்து அதை நீரூற்றாக்கிக்கொள்ளுகிறார்கள்’ என்ற வரியும் இருக்கிறது.

இன்னும் அழுத்தமாக அவர் பேசியது 56ஆம் சங்கீதத்தின்மேல். தாவீதைப் பெலிஸ்தர் காத் ஊரில் பிடித்தபோது பாடியது என்று அதன் தலைப்பு. காத் என்ற ஊர்ப்பெயரும் ‘கத்’ என்ற அந்தச் சொல்லேதான், ஆலை. கோலியாத்தின் ஊரில் மாட்டிக்கொண்ட தாவீது, அகஸ்டீனின் கண்ணுக்கு ஆலைக்குள் மாட்டிக்கொண்ட கிறிஸ்துவின் சரீரம், அதாவது சபை. அவர் சொல்வதன் சாரம் இது: கொடியில் இருக்கும்போது திராட்சை முழுசாகத் தெரிகிறது, ஆனால் அதிலிருந்து ஒன்றும் ஒழுகுவதில்லை. ஆலையில் போட்டு மிதிக்கும்போது பழத்துக்குத் தீங்கு செய்வதுபோலத் தெரிகிறது. அந்தத் தீங்கு மலடானது அல்ல. உடனே சேர்த்துச் சொல்கிறார்: ஆலையில் பிழியப்பட்ட முதல் குலை கிறிஸ்து.

அந்தச் சங்கீதத்தை எட்டாம் வசனம் வரை படியுங்கள். "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்." துருத்தி என்பது தோல்பை. எபிரேயத்தில் அங்கே வரும் சொல்லைத்தான் யோசுவா 9ஆம் அதிகாரத்தில் கிபியோனியர் கொண்டுவந்த கிழிந்த திராட்சரசத் துருத்திகளுக்கும் சொல்லியிருக்கிறது. ஆலையின் பேர் கொண்ட ஊரில் பிடிபட்டவன், திராட்சரசம் ஊற்றிவைக்கிற பையில் தன் கண்ணீரைச் சேர்த்துவைக்கும்படி கேட்கிறான். சிந்திவிடாதபடி தேவன் சேர்த்துவைக்கும் ரசம் அங்கே கண்ணீர்தான். இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் அப்பா அப்போது உயிரோடு இல்லை; இருந்திருந்தால் எழுப்பிச் சொல்லியிருப்பேன்.

அகஸ்டீனும் அழுதவர்தான். அவருடைய அம்மா மோனிக்கா 387இல் ஓஸ்தியா துறைமுகத்தில் இறந்தபோது, விசுவாசி அழக்கூடாது என்று அவரும் கண்ணீரை அடக்கினார். அடக்க ஆராதனையிலும் அழவில்லை. பிறகு தனியாகப் படுத்திருந்தபோது அணை உடைந்தது. கண்ணீர் வேண்டுமட்டும் வழியட்டும் என்று விட்டு, அதையே தன் இதயத்துக்கு விரிப்பாகப் போட்டு அதன்மேல் இளைப்பாறினதாகத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதுகிறார். தாய்க்காக ஒரு சிறிது நேரம் அழுததைப் பாவம் என்று நினைக்கிறவர்கள் சிரிக்காமல் தனக்காக அழட்டும் என்றும் எழுதுகிறார். ஆலை உவமையைச் சொல்லிக்கொடுத்தவரே அழுதார் என்பதை உங்கள் மூப்பரிடம் நீங்கள் தாராளமாகச் சொல்லலாம்.

மொழியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் வேதத்தில் ‘உபத்திரவம்’ என்று வாசிக்கிறோமே, அதற்குக் கிரேக்கத்தில் ‘த்லிப்சிஸ்’. அழுத்துவது, நெருக்குவது என்ற வினையிலிருந்து வந்த சொல். "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்ற யோவான் 16:33இல் லத்தீன் வேதம் ‘ப்ரெஸ்ஸூரா’ என்கிறது, நேரடியாகவே ‘பிழிவு’. தமிழிலும் நமக்கு இதே சொல் இருக்கிறது, கவனிக்காமல் பேசிக்கொண்டிருக்கிறோம்: நெருக்கம், நெருக்கடி. "நெருக்கத்திலிருந்து கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டேன்" என்கிறது 118ஆம் சங்கீதம். ஆலையை ஒருவனாய் மிதித்தேன் என்ற ஏசாயா 63ஆம் அதிகாரத்திலேயே, ஆறு வசனம் தள்ளி, இந்தச் சொல் வருகிறது: "அவர்களுடைய எல்லா நெருக்கத்திலும் அவர் நெருக்கப்பட்டார்." அந்த இடத்தில் எபிரேயத்தில் ஒரு எழுத்து வேறுபாடு உண்டு. ‘அவரும் நெருக்கப்பட்டார்’ என்றும் படிக்கலாம், ‘அவர் நெருக்கினவர் அல்ல’ என்றும் படிக்கலாம். எப்படிப் படித்தாலும் உங்களுக்கு ஆறுதல்தான். உங்கள் கணவரின் இதயம் நின்ற அந்த இரவில் தேவன் திருகாணியைச் சுழற்றிக்கொண்டு மேலே நிற்கவில்லை. உங்களோடு உள்ளே இருந்தார். புலம்பல் மூன்றாம் அதிகாரமும் சாட்சி சொல்கிறது: அவர் மனப்பூர்வமாய் மனுபுத்திரரைச் சிறுமையாக்கிச் சஞ்சலப்படுத்துகிறதில்லை.

அப்படியானால் வளர்ச்சியே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் ஆலை எதையும் உண்டாக்குவதில்லை என்பதைக் கவனியுங்கள். சாறு பழத்துக்குள் ஏற்கெனவே இருந்தது. அது கொடியில் இருந்த மாதங்களில் வேரிலிருந்து ஏறியது, வெயிலில் இனித்தது. மிதிக்கிற கால் அதை வெளியே கொண்டுவருகிறது, அவ்வளவுதான். வளர்ச்சிக்கு இயேசு தந்த படம் யோவான் 15இல் இருக்கிறது. அங்கே வருவது கொடி, நிலைத்திருத்தல், கிளைநறுக்குதல். கஷ்டமே மனிதனைப் பக்குவப்படுத்திவிடும் என்றால், கஷ்டப்பட்ட எல்லாரும் பரிசுத்தவான்களாக இருக்க வேண்டும். நெருக்கத்தில் கசந்துபோனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 410இல் ரோமாபுரி சூறையாடப்பட்டு, அகதிகள் கடல்தாண்டி ஆப்பிரிக்காவுக்கு வந்த நாட்களில் அகஸ்டீன் இதைத்தான் செக்கை வைத்துச் சொன்னார். ஒரே செக்கு, ஒரே அழுத்தம். கறுத்த கசடு சாக்கடையில் ஓடுகிறது, எண்ணெய் பாத்திரத்தில் தங்குகிறது.

ஆலையோடு ரசம் முடிந்துவிடுவதும் இல்லை. மிதித்தவுடன் கிடைப்பது வெறும் சாறு. தோலோடு ஒட்டிவந்த ஈஸ்ட் அதில் வேலை செய்ய ஆரம்பித்து, சீக்கிரமே நுரைத்துப் பொங்கும். பல நாள் கலங்கிக் கிடக்கும். பிறகு வண்டல் அடியில் படிய வேண்டும். அதற்குப் பிறகு வேறு பாத்திரத்துக்கு மாற்றி வார்க்க வேண்டும். எரேமியா 48:11 இதைத் தெரிந்தே பேசுகிறது: மோவாப் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு வார்க்கப்படாமல் தன் வண்டலின்மேல் கிடந்ததால் அதன் ருசியும் வாசனையும் மாறவே இல்லையாம். இந்த வேலை ஒவ்வொன்றுக்கும் நாள் பிடிக்கும், யாராலும் அவசரப்படுத்த முடியாது. எந்தச் சிட்சையும் தற்காலத்தில் துக்கமாய்க் காணும், பலன் தருவது பிற்காலத்தில் என்று எபிரெயர் 12:11உம் சொல்கிறது. எட்டு மாதம் என்றால் உங்கள் வீட்டில் இன்னும் முதல் கிறிஸ்துமஸ்கூட வந்திருக்காது, அல்லது இப்போதுதான் கழிந்திருக்கும். அவர் சட்டைகள் பீரோவில் தொங்கிக்கொண்டிருக்கும். இது நுரைத்துக் கலங்கும் காலம். இந்தக் கலங்கலைப் பார்த்து ‘ரசம் எங்கே’ என்று கேட்கிறவருக்கு அந்தத் தொழில் தெரியாது.

ஒரு எச்சரிக்கையும் எழுதாமல் விட முடியவில்லை. இந்த உவமையை ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம். ‘அந்த வருஷங்களில் நான் ஆலைக்குள் இருந்தேன், அதிலிருந்து தேவன் இன்னதை எடுத்தார்’ என்று கண்ணீரோடு சாட்சி சொன்னவர்களைக் கேட்டிருக்கிறேன். அது பரிசுத்தமான பேச்சு. அதையே இன்னொருவரைப் பார்த்து, அவர் கேட்காமலே, அவர் காயம் ஆறுமுன் சொன்னால் அது கல்லைப் போடுவதுதான். அகஸ்டீன் சபையை ஆலை என்றபோது தானும் அந்த ஆலைக்குள் நின்றுதான் பேசினார்; 430இல் அவர் இறந்தபோது வாண்டல்கள் என்ற ஜெர்மானிய இனத்தார் ஹிப்போவை முற்றுகையிட்டிருந்தார்கள். இன்னும் மோசமான பயன்பாடும் உண்டு. குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடம் ‘பொறுத்துக்கொண்டு இரு, இது உன் ஆலை’ என்று பெண்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். அடிக்கிறவன் கை தேவனுடைய ஆலை ஆகாது. பெலிஸ்தர் கையிலிருந்து தப்பிக்கத் தாவீது பைத்தியக்காரன்போல நடித்து, தாடியில் எச்சில் ஒழுகவிட்டு காத்தைவிட்டு வெளியேறினான். அதை யாரும் அவிசுவாசம் என்று எழுதிவைக்கவில்லை.

இன்னும் ஒன்று. பழத்திலிருந்து வரும் ரசம் பழத்துக்காக அல்ல. பவுல் தன் கடைசிக் காலத்தில் "நான் இப்பொழுதே பானபலியாக வார்க்கப்பட்டுப்போகிறேன்" என்று தீமோத்தேயுவுக்கு எழுதினார். எந்த நெருக்கத்திலும் தேவன் நமக்குச் செய்கிற ஆறுதலால் நாமும் நெருக்கப்படுகிறவர்களுக்கு ஆறுதல் செய்யலாம் என்று 2 கொரிந்தியர் முதல் அதிகாரத்தில் சொல்கிறார். என்றாவது ஒரு நாள், இன்னொரு வீட்டில் இப்படி ஒரு மரணம் நடக்கும்போது, எதைச் சொல்லக்கூடாது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் பேசாமல் போய்ப் பக்கத்தில் உட்காருவீர்கள். அதற்கு இப்போது தயாராக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இப்போது சாப்பிடுங்கள், தூங்குங்கள். ஜெபக்கூட்டத்துக்குப் போக மனமில்லாத வாரம் போகாதீர்கள். ஜெபிக்க வார்த்தை வராதபோது 56ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள், அது போதும்.

கடைசியாக ஒரு ஆலை இருக்கிறது, அதைப் பற்றிப் பிரசங்கம் கேட்பது அபூர்வம். நியாயாதிபதிகள் ஆறாம் அதிகாரம். மீதியானியருக்குப் பயந்து கிதியோன் கோதுமையை ஒளித்து அடிக்கிறான். ‘ஆலைக்குச் சமீபமாய்’ என்று நம் மொழிபெயர்ப்பு; எபிரேயத்தில் இருப்பது ‘ஆலையிலே’. கோதுமையை மேட்டில், காற்று வரும் களத்தில்தான் போரடிப்பார்கள். இவன் பாறைக்குழிக்குள் குனிந்து நின்று, தூசி முகத்தில் அப்ப, அடித்துக்கொண்டிருக்கிறான். அங்கே வந்த தூதன் "பராக்கிரமசாலியே, கர்த்தர் உன்னோடே இருக்கிறார்" என்கிறார். கிதியோன் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. "கர்த்தர் எங்களோடே இருந்தால், இவையெல்லாம் எங்களுக்கு நேரிடுவானேன்?" என்று திருப்பிக் கேட்கிறான். எட்டு மாதமாக நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பதும் இதைத்தான் என்று நினைக்கிறேன். அதற்குக் கர்த்தர் அவனைக் கடிந்துகொண்டதாக ஒரு வார்த்தைகூட இல்லை. அவனை நோக்கிப் பார்த்தார் என்றுதான் எழுதியிருக்கிறது.